பன்னிரண்டாம் சேனலில் மூன்று நாள்

கடலில் இருபத்தேழு வருஷம் படகு ஓட்டியவருக்கு வயர்லெஸ்ஸில் கற்றுக்கொள்ள என்ன மிச்சமிருக்கும்? இந்தக் கேள்வியைச் சிலுவைதாசன் தன்னிடமே கேட்டுக்கொண்டார். கேட்டபடியே ஐஸ் பிளான்டின் மாடிப்படி ஏறினார். படி முப்பத்திரண்டு. முழங்கால் ஒவ்வொன்றையும் எண்ணிச் சொன்னது.

மாடியில் ஒற்றை அறை. ஆழ்கடலுக்குச் சூரை மீன் பிடிக்கப் போகும் அறுபது படகுகளுக்கும் கரை என்றால் அந்த அறைதான். மேசையில் ஒரு வயர்லெஸ் செட், சுவரில் ஒரு கடிகாரம், ஜன்னலுக்கு வெளியே கம்பி இழுத்துக் கட்டிய ஆன்டெனா. செட்டுக்கு முன்னால் டெல்ஃபினா உட்கார்ந்திருந்தாள். வயது முப்பத்தேழு. அவரைவிட இருபது வயது இளையவள்.

"வாங்க ஸ்ராங்கே," என்றாள். படகு ஓட்டுகிறவரை அந்தக் கரையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடலைவிட்டு இறங்கினாலும் பட்டம் இறங்காது.

சிலுவைதாசன் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எம் மருமவன் சாஜு 'நல்லாயன்' படகுல ஸ்ராங்காப் போறான். ரெண்டு வாரத்துல முதல் பயணம். எந்தச் சேனல்ல கூப்பிட்டா கரைக்கு நிச்சயமாக் கேக்கும்? ஒரே ஒரு நம்பர். இதுல எழுது. செட்டுக்கு மேல ஒட்டச் சொல்லுதேன்."

"ஒரு நம்பர் கிடையாது."

"அதெப்படி? செட்டுல நாலு இருக்கு, ஆறு இருக்கு, எட்டு இருக்கு, பன்னிரண்டு இருக்கு. இதுல நல்லது ஏதோ ஒண்ணு இருக்கணும்லா?"

"பகல்ல எட்டு நல்லாருக்கும். பொழுது சாஞ்சா நாலு. ஆயிரம் மைல் தாண்டினா பன்னிரண்டு. அதுவும் இன்னைக்கு. நாளைக்கு எப்படியோ."

"நாளைக்கு எப்படியோன்னு அட்டையில எழுத முடியுமா பிள்ளே?"

"முடியாது. அதனாலதான் எழுதல."

"பின்ன உனக்கு எப்படித் தெரியும்?"

"கேப்பேன்."

"யாரிட்ட?"

டெல்ஃபினா எழுந்தாள். ஒரு நாற்காலியைச் செட்டுக்கு முன்னால் இழுத்துப் போட்டாள். சுருள் வயரோடு தொங்கிய மைக்கைக் கழற்றித் தன் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

"உட்காருங்க. ஒரு வாரம் கேளுங்க. பேச வேண்டாம்."

சிலுவைதாசனுக்குக் கோபம் வந்தது. நியாயம்தானே! படிக்க வந்தவனுக்கு எட்டாமல் மைக்கை எடுத்து மாட்டிவைப்பது என்ன பாடம்? ஆனால் அந்த அறையின்மேல் அவருக்கு இருந்த கோபம் அன்றைக்கு முளைத்ததல்ல. அதற்குப் பதினான்கு வயது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், கரையிலிருந்து இருநூறு மைல் தள்ளி, அவர் படகின் விசிறியைச் சுற்றும் சாஃப்ட் முறிந்துபோனது. எஞ்சின் ஓடும், படகு நகராது; பிறகு எஞ்சினும் நின்றது, மிஞ்சியது பேட்டரி மட்டும். அவரும் எட்டுப் பேரும் மூன்று நாள் நீரோட்டத்தோடு போனார்கள். மூன்று நாளும் அவர் வயர்லெஸ்ஸில் கரையைக் கூப்பிட்டார். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். கரை வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் எங்கேயோ வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் உட்கார்ந்திருந்த மலையாளி ஒருவர், "கேக்குந்நுண்டு, பறஞ்ஞோளூ" என்று பதில் கொடுத்தார்; கேட்கிறது, சொல்லுங்கள் என்று அர்த்தம். படகு நிற்கும் இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுநாள் 'ஜெபமாலை' படகு வந்து இவர்களைக் கட்டி இழுத்தது. "கரையில சொன்னாங்க, வந்தோம்," என்றார்கள் அதிலிருந்தவர்கள். எந்தக் கரை என்று சிலுவைதாசன் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கிற கரை. முன்பின் தெரியாத மனுஷனின் கரை.

அந்த மனுஷனின் பெயரைக் கேட்பதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. அதனால் வருஷாவருஷம் அதே தேதியில் கோயிலில் ஒரு பூசைக்குச் சொல்வார். 'வளைகுடாவில் உள்ள சகோதரனுக்கு நன்றியாக' என்று எழுதிக் கொடுப்பார். பூசை முடிந்ததும் டீக்கடைக்குப் போய், "ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி இருந்தவனுக்கு நம்ம குரல் கேட்டுது. இருநூறு மைல்ல இருந்த நம்ம கரை உறங்கிச்சு," என்பார். மீனவர் சங்கக் கூட்டத்திலும் சொன்னார். வயர்லெஸ்ஸில் இருப்பவரை மாற்ற வேண்டும் என்று எழுந்து நின்று பேசினார். நாற்பது ஆண்கள் உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தில் டெல்ஃபினாவுக்கு நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்.

மாற்ற ஆள் கிடைக்கவில்லை. அவளே தொடர்ந்தாள்.

இப்போது அதே அறையில், வாயை மூடிக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில்.

முதல் நாள் செட்டில் இரைச்சல்தான் கேட்டது. இரண்டாம் நாள் இரைச்சலிலேயே வித்தியாசம் இருப்பது தெரிந்தது. மதியம் நாலாம் சேனல் மணல் அள்ளிக் கொட்டுவதுபோல் கரகரக்கும். பொழுது சாய்ந்ததும் அதே நாலு கழுவிவிட்ட தரைபோல் ஆகும், தூரத்துப் படகுக்காரன் இருமுவதுகூடக் கேட்கும். மூன்றாம் நாள் அவராகவே, "இப்ப எட்டு நல்லா வருது இல்லியா?" என்றார்.

"யாரிட்டக் கேட்டீங்க?" என்றாள் டெல்ஃபினா.

அவர் முறைத்தார்.

நான்காம் நாள், "எப்பதான் மைக்கைத் தருவே?" என்றார்.

"மைக்ல என்ன இருக்கு?"

"பட்டன் இருக்கு. அழுத்தினாப் பேசலாம்."

"அழுத்தினாக் கேக்க முடியுமா?"

"முடியாது. விட்டாத்தான் கேக்கும். இது எனக்குத் தெரியாதா? நீ பள்ளிக்கூடம் போகும்போதே நான் ஸ்ராங்கு."

"தெரிஞ்சா நல்லது," என்றாள்.

ஐந்தாம் நாள் மதியம் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லு. பன்னிரண்டு எவ்வளவு தெளிவா இருக்கு! ஆயிரம் மைலுக்கு அப்பால உள்ளவன் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரிப் பேசுதான். அப்படின்னா கிட்ட உள்ளவனுக்கு இன்னும் நல்லாக் கேக்கணும்லா? ஆயிரம் மைல் போற குரல் இருநூறு மைல் போகாதா?"

டெல்ஃபினா எழுந்தாள். "வாங்க," என்று அவரை வெளியே மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து தரை கழுவும் ரப்பர் குழாய் கிடந்தது. நாலு அடி தள்ளி ஒரு வாளியை வைத்தாள். குழாயின் முனையை மேல்நோக்கிச் சாய்த்து அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தச் சாய்வை மாத்தக் கூடாது. வாளியை நிரப்புங்க."

அவர் குழாயைத் திறந்தார். தண்ணீர் வாளிக்கு மேலே பறந்து கைப்பிடிச் சுவருக்கு அருகில் விழுந்தது.

"வாளிக்குப் போகலியே."

"அழுத்தம் போதலையோ என்னமோ. கூட்டிப் பாருங்க."

முழுக்கத் திறந்தார். தண்ணீர் கைப்பிடிச் சுவரையும் தாண்டியது. கீழே பைக்கில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த ஐஸ் பிளான்ட் மெக்கானிக் ஆன்றணியின் தலையில் இறங்கியது.

"ஏ ஸ்ராங்கே! கடல்ல நனைச்சது போதாதுன்னு மாடியில இருந்துமா? எம் மீன்குழம்பு போச்சு ஓய்!"

டெல்ஃபினா எட்டிப் பார்த்தாள். "ஆன்றணி அண்ணே, உங்களுக்குத் தண்ணி வந்துதா?"

"வந்துதாவா? குளிச்சிட்டேன்!"

அவள் திரும்பி வாளியைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

சிலுவைதாசன் குழாயை மூடினார். வாளியை நிமிர்த்தி வைத்தார். பிறகு, வேறு யாரைப் பற்றியோ கேட்பதுபோல் கேட்டார்.

"இருநூறு மைல்ல நிக்கிற படகு, பகல் நேரம், பன்னிரண்டுல கூப்பிட்டா?"

"நம்ம தலைக்கு மேல போயிரும்."

"எங்க விழும்?"

"வளைகுடாவுல."

அன்று அவர் விடைபெறாமல் இறங்கிப் போனார். அவர் காலடிச் சத்தம் முப்பத்திரண்டு படிக்கும் மேலே கேட்டது. மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சாஜுவின் 'நல்லாயன்' புறப்பட்ட அன்று துறையில் நின்று கையசைத்தார். அவன் அட்டையைக் கேட்டான். "இன்னும் எழுதல," என்றார்.

படகு போன மூன்றாம் நாள் பிற்பகல், மூன்றரை மணிக்கு, மாடியேறி வந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"பழைய நோட்டெல்லாம் வச்சிருக்கியா? தினமும் எழுதுவியே, எத்தனை மணிக்கு யார் கூப்பிட்டா, என்ன பேசினான்னு. அது."

எந்த வருஷம் என்று டெல்ஃபினா கேட்கவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து, நீல அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தேடாமலே எடுத்தாள். பிறகு ஆணியிலிருந்து மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நாலு மணிக்கு சாஜு எட்டுல கூப்பிடுவாரு. இன்னைக்கு நீங்க பேசுங்க."

அவர் வலது கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இடது கையால் பக்கங்களைப் புரட்டினார். அந்தத் தேதி வந்தது. பள்ளிப் பையனைப்போல விரல் வைத்து உரக்க வாசித்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு உரக்க வாசித்தால்தான் அவருக்கு எழுத்து பிடிபடும்.

"காலை ஆறு. நேற்று மாலை பேசாத படகை எட்டில் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஏழு. எட்டில் கூப்பிட்டேன். பதில் இல்லை. எட்டு மணி. பதில் இல்லை. ஒன்பது. பதில் இல்லை..."

பக்கம் முழுக்க அப்படியே போனது. மாலை ஏழிலிருந்து, "நாலில் கூப்பிட்டேன். பதில் இல்லை." பேட்டரியை மிச்சம் பிடிக்க அவர் செட்டை அணைத்து வைத்த நேரம் அது. பத்து மணி, பதினொன்று, ஒன்று, இரண்டு என்று இரவின் எல்லா மணிக்கும் ஒரு வரி இருந்தது. இரண்டாம் நாள் எழுத்து சாயத் தொடங்கியிருந்தது. ஓரிடத்தில் வாசிப்பு நின்றது.

"பத்து நிமிடம் இல்லை. பாப்பாவுக்குப் பால் கொடுக்கப் போனேன்."

அவர் மைக்கை இறுக்கிப் பிடித்தார். பெருவிரல் அதன் பட்டன்மேல் அழுந்தியது. செட்டின் இரைச்சல் சட்டென நின்றது. அதை அவர் கவனிக்கவில்லை. டெல்ஃபினா கவனித்தாள்.

"ஸ்ராங்கே, கை..."

"இரு பிள்ளே. வாசிச்சு முடிக்கட்டும்."

மூன்றாம் நாளுக்கு வந்தார். அவர் ஒவ்வொரு சொல் வாசிக்கும்போதும் செட்டின் முகப்பில் இருந்த முள் துள்ளியது.

"பதினொன்று இருபது. வளைகுடாவிலிருந்து போன். நம் படகு இருக்கிறது. ஒன்பது பேரும் சுகம். இடம் குறித்தேன். பன்னிரண்டுக்கு மாற்றி நானும் கூப்பிட்டேன். கேட்கவில்லை. பக்கத்தில் யார் என்று எட்டில் கேட்டேன். 'ஜெபமாலை' அறுபது மைலில் இருந்தது. அனுப்பினேன். போன் செய்தவர் பெயர் கேட்டேன். தாமோதரன். ஊர் தலசேரி. ஆண்டவரே, நன்றி."

சிலுவைதாசனின் உதடுகள் அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தன.

"தாமோதரன்."

பதினான்கு பூசைகள் ஒரு பெயர் இல்லாமலே நடந்திருக்கின்றன. அந்தப் பெயர் இந்தத் தகரப் பெட்டியில் இருந்திருக்கிறது. முப்பத்திரண்டு படி ஏறியிருந்தால் கிடைத்திருக்கும்.

"ஜெபமாலையை நீதான் அனுப்பினியா?"

"ஸ்ராங்கே, முதல்ல அந்த மைக்..."

"குறுக்கே பேசாதே. ஒரு விஷயம் இருக்கு, இப்ப சொல்லலைன்னா எப்பவும் சொல்ல மாட்டேன்." அவர் நோட்டை மூடினார். "எனக்குத் தெரியும் பிள்ளே. பகல்ல எட்டுல கூப்பிட்டாக் கரைக்குக் கேக்கும்னு அப்பவே தெரியும். படகுல எல்லாருக்கும் தெரியும். கூட வந்த பையன்மாரு, 'எட்டுல கூப்பிடுங்க ஸ்ராங்கே'ன்னு காலைப் பிடிச்சாங்க. நான்தான் கூப்பிடல."

டெல்ஃபினா முள்ளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"எட்டுல நம்ம படகு எல்லாம் கேட்டுக்கிட்டிருக்கும். இடத்தைச் சொல்லணும். அன்னைக்கு நான் நின்ன இடத்துல சூரை அப்படிக் கிடந்துது. கடல் கொதிக்குத மாதிரி. அந்த இடம் வேற எவனுக்கும் தெரியக் கூடாதுன்னு நெனச்சேன். பன்னிரண்டுல நம்ம ஆளுங்க யாரும் இருக்க மாட்டான், கரை மட்டும் கேக்கட்டும்னு பன்னிரண்டுல கூப்பிட்டேன். கரை கேக்கல. மூணு நாள் எட்டுப் பேரைத் தண்ணியில வச்சிருந்தேன். சூசைராஜ் கடைசி நாள் கடல் தண்ணியைக் குடிச்சிட்டான். ஒரு மீனுக்காக."

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு கூப்பிட்டவன், கேக்கலையேன்னு உன்னைத் திட்டினேன். கூட்டத்துல திட்டினேன். டீக்கடையில திட்டினேன். தாமோதரன் எனக்குத் தெய்வம். ஆனா எங்கேயோ இருக்கிற தெய்வத்துக்கு நன்றி சொல்லுதது லேசு பிள்ளே. நீ தினமும் எம் முன்னாலதான் நடந்து போன. உனக்கு ஒரு வார்த்தை சொல்லல. அந்த மூணு நாளும் நீ உறங்காம இருந்திருக்க. நன்றி. நன்றி மோளே."

அறை மிகவும் அமைதியாக இருந்தது. கீழே ஐஸ் உடைக்கும் சத்தம் மட்டும் வந்தது. டெல்ஃபினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையாலேயே மூக்கையும் துடைத்தாள்.

சிலுவைதாசன் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து.

"சாஜு கூப்பிடவே இல்லியே," என்றார். பயம் குரலில் தெரிந்தது. "நாலு மணின்னு சொன்னே. செட்டுல ஒரு சத்தமும் இல்ல. என்ன ஆச்சு அவனுக்கு?" பிறகு, பதினான்கு வருஷமும் சேர்ந்து வந்ததுபோல், இன்னொன்றும் கேட்டார். "நீயும் ஏன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல? இந்த நோட்டைத் தூக்கி எம் முகத்துல எறிஞ்சிருக்கலாமே? ஏன் சொல்லல?"

"சொல்லிட்டுத்தான் இருந்தேன் ஸ்ராங்கே," என்றாள் டெல்ஃபினா. "நீங்க கடல்ல இருந்தப்ப மூணு நாள் சொன்னேன். கரைக்கு வந்தப்ப வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். கூட்டத்துல ரெண்டு தடவை கையத் தூக்கினேன். நீங்க பட்டனை விடல. இப்பவும் விடல."

அவர் தன் பெருவிரலைப் பார்த்தார். நகம் வெளுத்திருந்தது. அதற்கடியில் பட்டன் முழுக்க அமுங்கிக் கிடந்தது.

செட்டைப் பார்த்தார். எட்டு என்று எரிந்தது.

விரலை எடுத்தார்.

மழை வந்து கூரையில் விழுவதுபோல் இரைச்சல் திரும்பி வந்தது. ஒரு மூச்சுவிடும் நேரம் இரைச்சல் மட்டுமே. பிறகு ஒரு குரல்.

"'ஜெபமாலை'. கேட்டோம்."

இன்னொரு குரல். "'கடல்ராணி'. கேட்டோம் ஸ்ராங்கே."

"'அலைதாரகை', கேட்டோம். அந்த இடத்தை இப்பவாவது சொல்லும் ஓய்!" யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இரைச்சலில் கரைந்தது.

கொஞ்சம் பொறுத்து, தூரத்திலிருந்து, மூக்கடைத்த மாதிரி ஒரு குரல். "'பரலோகமாதா'வுல சூசைராஜ். நான் குடிச்சது ரெண்டு மடக்குதான். அதை விடும்."

அதற்குப் பின்னால் இளம் குரல் ஒன்று. "மாமா, 'நல்லாயன்'. நாலு மணியில இருந்து கூப்பிடுதேன். எல்லாரும் சுகம். வலை போட்டாச்சு. கேக்குதா மாமா?"

டெல்ஃபினா மைக்கை அவர் வாயருகே தள்ளினாள்.

"பதில் சொல்லுங்க."

சிலுவைதாசன் மைக்கைப் பிடித்தார். பெருவிரலைப் பட்டனிலிருந்து விலக்கியே வைத்திருந்தார்.

"இரு பிள்ளே," என்றார். "இன்னும் யாராவது பேசுவாங்க."